சோத்தைக் குறைத்துவிட்டு எதைத் தின்பது?

போன தை மாதம் சம்பா அறுவடை முடிந்து, அறுத்த தாளுக்கு நடுவே உளுந்து முளைத்து வந்துகொண்டிருந்த நேரம். அம்மாப்பேட்டைப் பக்கம் வெண்ணாற்றை ஒட்டிய ஒரு தெருவுக்கு வீட்டுமனைப் பட்டா மனு எழுதித்தரப் போயிருந்தோம். மனுவெல்லாம் எழுதி முடித்துக் கிளம்பும்போது ஒரு அக்கா மடித்து வைத்திருந்த சிறிய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை கொடுக்கும்போது எழுதுகிற நோட்டு. வயது 43. எடை 38 கிலோ. அதற்குக் கீழே ரத்தச் சர்க்கரை அளவு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லா அளவும் அதிகமாகவே இருந்தது.

"சோத்தக் கொறைங்கிறாங்க. நான் திங்கிறதே சோறு மட்டுந்தான். அதையும் கொறைச்சிட்டு எதத் திங்கிறது? நீங்கள்லாம் படிச்ச புள்ளைங்க, சொல்லுங்க பாப்போம்" என்றார்.

எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. சிரித்து மழுப்பிவிட்டு வந்தோம். வழியெல்லாம் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு உணவையும் நோயையும் பற்றி அண்மையில் வந்த ஆய்வுகளைத் தேடிப் படித்தோம், மருத்துவம் தெரிந்த தோழர்களிடம் கேட்டோம். அந்த அக்காவுக்கு நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அவர் என்ன சாப்பிடுகிறார் என்று சொல்லிவிடுகிறோம். காலையில் பழைய சோறு, தொட்டுக்கொள்ள வெங்காயமோ பச்சை மிளகாயோ. வேலைக்குப் போகிற நாளில் பத்து மணிக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ, இரண்டு போண்டா. மதியம் தூக்குவாளியில் கொண்டுபோன சோறும் புளிக்குழம்பும். ராத்திரி சுடுசோறு, ரசம், இருந்தால் ஒரு துண்டு கருவாடு. வாரத்தில் ஒருநாள் மீன் அல்லது கறி. முட்டை வாங்கினால் அது மகனுக்கு. பருப்பு சாம்பார் மாதத்தில் நாலைந்து நாள்.

அவரிடம் சோற்றைக் குறைக்கச் சொன்ன செவிலியர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். தனக்குக் கற்றுக் கொடுத்ததை அவர் சொல்கிறார். ஆனால் சுவரில் ஒட்டியிருக்கிற படத்தைப் பாருங்கள். சப்பாத்தி, ஓட்ஸ், ஆப்பிள், பாதாம், பக்கத்தில் ஷூ மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சி போகும் ஒருவர். காலை ஆறு மணியிலிருந்து குனிந்த இடுப்பு நிமிராமல் நாற்று நடுகிறவரிடம் "தினமும் நடங்க" என்று சொல்லும் படம் அது. உட்கார்ந்தே வேலை பார்த்து, தேவைக்கு மேல் சாப்பிட்டு எடை கூடியவருக்காகத் தயாரித்த அறிவுரையை 38 கிலோ உடம்புக்கும் அப்படியே கொடுக்கிறார்கள்.

இந்த மண்ணில் எங்கள் மக்களைப் பார்த்து 'சோத்தைக் குறை' என்று சொல்வதற்கு முன்னால், அந்தச் சோறு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தஞ்சாவூரின் பண்ணையாள் முறையைப் பற்றி சமூகவியல் வகுப்பில் காத்லீன் கஃப் எழுதியதைப் படித்தோம். 1951 முதல் 1953 வரை இந்த மாவட்டத்துக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்தவர் அவர். வகுப்பில் படிப்பதற்கு முன்பே அந்தக் கதைகளை எங்கள் அப்பாயிகள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கூலி நெல்லாகத்தான் அளப்பார்கள். அதிலும் மரக்காலைக் குலுக்காமல், தலை தட்டி அளப்பார்கள். கேள்வி கேட்டால் சாணிப்பால், சவுக்கடி. 1943 வாக்கில் பி. சீனிவாசராவ் இங்கே வந்து, மன்னார்குடிப் பக்கம் தென்பரையில் சங்கம் கட்டிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் சாணிப்பாலும் சவுக்கடியும் ஒழிந்தன. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கூலிப் போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் வைத்து 44 பேரைக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

அதன் பிறகு ரேஷன் வந்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 முதல் விலையில்லா அரிசி. எங்கள் தெருக்களில் அடுப்பு எரியாத வீடு இல்லாமல் போனதற்கு அந்த அரிசிதான் காரணம். ஓசி அரிசி வாங்கி மக்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்று பேசுகிறவர்கள், சித்திரை வைகாசியில் எங்கள் அம்மாக்கள் என்னத்தைப் போட்டு உலை வைத்தார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்தத் தட்டில் இருக்கும் சோறு போராடிப் பெற்றது. அதை நாங்கள் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போராடிப் பெற்றது சோறு மட்டும்தான். சோற்றுக்குப் பக்கத்தில் இருந்தவை இந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

அப்பாயிகள் காலத்தில் வயலே எங்களுக்குப் பாதிச் சமையலறை. வாய்க்காலில் கெண்டை, கெளுத்தி, குரவை. வரப்பு வளையில் நண்டு. நத்தை. அறுவடை முடிந்ததும் எலிவளையை வெட்டினால் எலியும் கிடைக்கும், அது சேர்த்து வைத்த நெற்கதிரும் கிடைக்கும். வாய்க்கால் ஓரத்தில் பொன்னாங்கண்ணி, ஆரைக்கீரை, வல்லாரை. காசு கொடுக்காமல் கிடைத்த புரதமும் இரும்புச் சத்தும் இவைதான். அப்போது நாங்கள் செழிப்பாக இருந்தோம் என்று சொல்ல வரவில்லை. பசி கொடுமையாக இருந்த காலம்தான் அது. அந்தப் பசிக்கு நடுவே வயல் கொடுத்தது கொஞ்சம் இருந்தது, அவ்வளவே.

1960இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை 27 வந்தது. வானொலியில் சொல்லிச் சொல்லிப் பரவியதால் 'ரேடியோ நெல்' என்றே பேர். விளைச்சல் கூடியது, நாட்டின் பஞ்சம் தீர உதவியது, அதை மறுக்க முடியாது. கூடவே உப்பு உரமும் குருணை மருந்தும் வந்தன. மருந்து போட்ட வயலின் தண்ணீர் வடிந்த வாய்க்காலில் மீன் குஞ்சு தங்கவில்லை. களைக்கொல்லி அடித்த வரப்பில் கீரை இல்லை. பிறகு கதிர் அறுக்கும் மெஷின் வந்து, அறுப்புக் கூலியாக வீட்டுக்கு வந்த நெல்லும் நின்றுபோனது. தாளுக்குள் விதைத்த உளுந்தையும் பயறையும் பறித்துக் கொடுத்துக் கூலியாகக் கொஞ்சம் வாங்கி வருவார்கள், வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்குப் பருப்பு இருக்கும். மெஷின் ஓடி வயல் பாழ்பட்ட இடத்தில் அந்த உளுந்தும் குறைந்துவிட்டது. விளைச்சல் கூடியதில் நிலம் வைத்திருந்தவருக்குப் பணம் கிடைத்தது. நிலம் இல்லாதவருக்கு இருந்த மீனும் கீரையும் பயறும் போயின. அவை எந்த அரசுக் கணக்கிலும் இழப்பாகப் பதிவாகவில்லை.

இனி ஆய்வுகளுக்கு வருகிறோம்.

வெள்ளைச் சோற்றுக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு உண்டா? உண்டு. 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2020இல் வெளியானது. சோறு அதிகம் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்றும், தெற்காசியாவில்தான் இந்தத் தொடர்பு மிக வலுவாகத் தெரிகிறது என்றும் அது சொன்னது. சென்னையில் மருத்துவர் வி. மோகன் நடத்தும் மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுக்கச் செய்த கணக்கெடுப்பு 2023இல் வந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்றது. அதே கணக்கெடுப்பின் உணவுப் பகுதி 2025 செப்டம்பரில் வெளியானது. நம் உடம்புக்குக் கிடைக்கிற சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதில் பெரும்பகுதி தீட்டிய அரிசி, அரைத்த மாவு, சர்க்கரை.

அந்த ஆய்வில் எங்களை நிறுத்தியது வேறு இரண்டு செய்திகள். ஒன்று, அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ அதே அளவுக்குச் சாப்பிட்டால் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடி, அரை கிலோ பாக்கெட்டை அரிசியைப் போல இரண்டு மடங்கு மூன்று மடங்கு விலைக்கு விற்றவர்களும், சுவர்ப்படத்துச் சப்பாத்தியும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு, மாவுச்சத்திலிருந்து வரும் சக்தியில் வெறும் 5 சதவீதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் இவற்றின் புரதத்தை வைத்தால் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைகிறது. ஆக, சோற்றைக் குறை என்பது பாதி வாக்கியம். குறைத்த இடத்தில் பருப்பையும் முட்டையையும் மீனையும் வை என்பது மீதி வாக்கியம். எங்கள் தெருவுக்கு எப்போதும் முதல் பாதிதான் வந்து சேர்கிறது.

இது சாப்பாடு உள்ளவர்களுக்கு வரும் சர்க்கரை பற்றியது. 38 கிலோ எடையுள்ளவருக்கு ஏன் வருகிறது? பணக்காரர் நோய் என்றுதானே இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்?

இதற்கு இரண்டு ஆய்வுகள் வெளிச்சம் தருகின்றன. புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் பல ஆண்டுகளாகத் தாய்மாரையும் குழந்தைகளையும் ஆராய்ந்து வருகிறவர். நம் ஊர்க் குழந்தைகள் எடை குறைவாகப் பிறக்கின்றன, ஆனால் அந்தச் சின்ன உடம்பில் தசை குறைவாகவும் கொழுப்பு அதற்கு ஏற்பக் குறையாமலும் இருக்கிறது என்று அவர் கண்டார். வயிற்றில் இருக்கும்போதே பசி பழகிய உடம்பு, பின்னால் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாலும் சர்க்கரைக்கு எளிதில் ஆளாகிறது. ஒரு பெண் கர்ப்பமாக இருந்தபோது பட்ட பட்டினி, நாற்பது ஆண்டு கழித்து அவள் பிள்ளையின் ரத்தப் பரிசோதனையில் தெரிகிறது. 1944-45 பஞ்சத்தின்போது நெதர்லாந்தில் கருவில் இருந்தவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே அது ஒரு குளிர்காலத்துப் பட்டினி. இங்கே எத்தனை தலைமுறை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நம் வேலூரில் நடந்தது. ஊட்டச்சத்துக் குறைவால் வரும் சர்க்கரை நோயை 1955இலேயே ஜமைக்காவில் ஒரு மருத்துவர் பதிவு செய்தார். உலகச் சுகாதார நிறுவனம் 1985இல் அதைத் தனி வகையாக ஏற்றது. 1999இல் போதிய ஆதாரம் இல்லை என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஏழை நாட்டு ஏழைகளின் நோய், அதற்கு ஆதாரம் திரட்ட யார் பணம் செலவழிப்பார்கள்? வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் நிஹால் தாமஸும், நியூயார்க்கைச் சேர்ந்த மெரிடித் ஹாக்கின்ஸும் அவர்கள் குழுவும் மெலிந்த நோயாளிகளை விரிவாகப் பரிசோதித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். பருமனானவர்களுக்கு வருவதில் இன்சுலின் இருக்கும், உடம்பு அதற்குச் சரியாகக் கட்டுப்படாது. இவர்களுக்கோ இன்சுலின் சுரப்பதே குறைவு, சுரக்கிற கொஞ்சத்துக்கு உடம்பு நன்றாகவே கட்டுப்படுகிறது. ஆகவே இது வேறு நோய். 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதற்கு 'ஐந்தாம் வகை' என்று பெயர் கொடுத்தது. உலகத்தில் இரண்டரைக் கோடிப் பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள்.

எங்கள் அக்காவுக்கு இருப்பது இதுதானா என்று சொல்ல நாங்கள் மருத்துவர்கள் இல்லை. அதற்குப் பரிசோதனை வேண்டும். ஆனால் மெலிந்த ஆளுக்குச் சர்க்கரை என்றால் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும், பார்க்காமல் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னால் ஏற்கெனவே பசித்திருக்கும் உடம்பைக் கூடுதலாகப் பசிக்க வைக்கிறோம், அரைவயிற்றுக்குத் தவறான அளவில் மருந்து கொடுத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் போட்டு விழ வாய்ப்பிருக்கிறது. இவ்வளவையும் சொல்ல மருத்துவப் பட்டம் தேவையில்லை.

சாப்பாடே மருந்தாக முடியுமா என்ற கேள்விக்கு ஜார்க்கண்டிலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகிய மருத்துவர்களும், சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்த ஆய்வு 2023 ஆகஸ்டில் வெளியானது. 2,800 காசநோயாளிகளையும் அவர்கள் வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதி வீடுகளில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பை. இன்னொரு பகுதியில் வீட்டில் உள்ள எல்லோருக்கும், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அப்படி எல்லோரும் சாப்பிட்ட வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றும் நுரையீரல் காசநோய் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் கூடிய நோயாளிகளிடம் இறப்பு மிகவும் குறைவு. விலை உயர்ந்த தடுப்பூசி எதுவும் இல்லை. அரிசி, பருப்பு, அவ்வளவுதான்.

அந்தப் பையில் ஆளுக்கு ஒன்றரை கிலோ பருப்பு இருந்தது என்பதைக் கவனியுங்கள். இப்போது நம் ரேஷன் பைக்கு வருவோம்.

பெரும்பாலான அட்டைகளுக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி, விலையில்லை. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு, ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கு. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம் வேண்டும் என்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் பத்து கிலோவுக்கு மேல். ரேஷனில் கிடைப்பது ஒரு கிலோ. மீதி ஒன்பது கிலோவைச் சந்தை விலைக்கு வாங்க வேண்டும். நடவு இருந்தால் கூலி, இல்லாவிட்டால் கடன் என்று ஓடுகிற வீட்டில் முதலில் வெட்டு விழுவது இந்த ஒன்பது கிலோவில்தான். இதற்கு 'ஊட்டச்சத்து விழிப்புணர்வு இல்லை' என்று பெயர் வைத்துப் பயிற்சி முகாம் நடத்துகிறார்கள். பருப்பில் சத்து இருக்கிறது என்பது எங்கள் பெண்களுக்குத் தெரியும். பருப்பு விலையும் தெரியும்.

அரிசியிலேயே சத்தைச் சேர்த்துவிட்டோம் என்று அரசு சொன்னது. இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த அரிசியை நூற்றுக்கு ஒன்று என்று கலந்து கொடுக்கத் தொடங்கினார்கள். பல வீடுகளில் அதைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று நினைத்துப் புடைத்துப் பொறுக்கி எறிவதை நாங்களே பார்த்திருக்கிறோம். அது பிளாஸ்டிக் இல்லை என்று போகிற இடமெல்லாம் சொல்கிறோம். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. நாலு ஆண்டு இடைவெளியில் முந்தைய கணக்கெடுப்பிலிருந்து ஒன்றரை சதவீதம் அளவுக்குத்தான் இறங்கியிருக்கிறது. இரும்பை அரிசியில் கலந்தாலும் அது அரிசிதான். பருப்பின் வேலையையும் முட்டையின் வேலையையும் அது செய்யாது.

காசு மட்டும்தான் தடையா என்றால் இல்லை. எங்களுக்கு மலிவாகக் கிடைக்கிற சத்துணவு எல்லாவற்றின் மீதும் சாதி உட்கார்ந்திருக்கிறது. மாட்டுக்கறி ஆட்டுக்கறியைவிட மிகவும் மலிவு. இரும்பும் பி12உம் நிறைந்தது. 2019 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டம் பொரவாச்சேரியில் மாட்டுக்கறி சூப் குடித்த படத்தை முகநூலில் போட்டதற்காக ஒரு இஸ்லாமிய இளைஞரை அடித்தார்கள். இதே டெல்டாவில்தான். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு எடுத்துப்போகும் டப்பாவில் மாட்டுக்கறி இருக்காது. நத்தை, எலி என்றால் கேலி. அதே நத்தைக்கறி ஹைவே ஓட்டலில் 'கிராமத்துச் சுவை' என்று விலை போகிறது. இந்திய மக்களில் ஒரு பகுதி தீண்டத்தகாதவர் ஆனதற்கும் மாட்டுக்கறிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் 1948இல் ஒரு நூலே எழுதினார். செத்த மாட்டை இழிவின் அடையாளமாக நம் மீது சுமத்தியதால் அதை விடச் சொன்னதும் அவர்தான். கௌரவத்துக்காகச் செத்த மாட்டை விட்டோம், சரி. வெட்கத்துக்காக நல்ல கறியையும் நண்டையும் நத்தையையும் விட்டுவிட்டு, பதிலுக்கு எதுவும் தட்டில் வராமல் வெறும் சோற்றோடு நிற்கிறோமே, அதைத்தான் யோசிக்க வேண்டும்.

கறி மட்டுமில்லை, சமைக்கிற கையும் பிரச்சினைதான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் திருக்குவளையிலிருந்துதான் மாநிலம் முழுக்க விரிவானது. அடுத்த மாதமே கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், அருந்ததியர் பெண் சமைத்ததால் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. ஆட்சியர் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. பசியோடு வகுப்பில் உட்காரும் பிள்ளை எண்ணிக்கையைக் குறைக்கும் நல்ல திட்டம் அது. அதிலும் உப்புமா, கிச்சடி, பொங்கல்தான். மதியம் முட்டை கொடுக்கிற மாநிலம், காலைக்கும் அதை யோசிக்கலாம்.

கடைசியாக எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்கா வீட்டில் முட்டை மகனுக்குப் போவதைப் பற்றி எழுதினோம். எங்கள் வீடுகளிலும் அப்படித்தான். மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அப்பாவுக்கு, அண்ணனுக்கு. அம்மாவுக்கு வால், பல நாள் அடிச்சட்டிக் குழம்பு மட்டும். கூட்டத்தில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து முதலில் தட்டில் உட்காருகிற தோழர்கள் நாங்களும்தான். டாஸ்மாக்கில் போகிற காசுக்கு எத்தனை முட்டை என்ற கணக்கை மேல்சாதிக்காரர் சொன்னால் கோபம் வருகிறது, சொல்கிறவர் நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

மாசியில் மறுபடி அந்தத் தெருவுக்குப் போனோம். அக்காவிடம் சொன்னது இதுதான். மாத்திரையை நிறுத்தாதீங்க. வயித்தைக் காயப் போடாதீங்க. டீயில் சர்க்கரையை விட்டுடுங்க, போண்டாவுக்குப் பதில் அவிச்ச பயறு எடுத்துட்டுப் போங்க. சோத்தில் ஒரு கரண்டி குறைச்சா அந்த இடத்தில் பயறோ கருவாடோ முட்டையோ இருக்கணும், ஒண்ணுமில்லாம குறைக்காதீங்க. முட்டையில் உங்களுக்கும் ஒண்ணு. அப்புறம் அடுத்த முறை மாத்திரை வாங்கப் போறப்ப நாங்களும் கூட வர்றோம், ஒல்லியா இருக்கிறவங்களுக்கு எந்த வகைச் சர்க்கரைன்னு பெரியாஸ்பத்திரியில பாக்கச் சொல்லி எழுதி வாங்கலாம்.

"பயறுக்கும் முட்டைக்கும் யாரு காசு குடுப்பா?" என்று கேட்டார். அதற்கும் உடனே பதில் இல்லை. ஆனால் இந்த முறை மழுப்பவில்லை. அதைத்தான் கேட்கப் போகிறோம் என்றோம்.

கேட்க வேண்டியது இவைதான். ரேஷனில் பருப்பைக் குடும்பத்துக்கு ஒரு கிலோ என்பதிலிருந்து ஆளுக்கு ஒரு கிலோ என்று மாற்ற வேண்டும். காசநோயாளிக்கு மாதம் தரும் உதவித்தொகை 2024 நவம்பரில் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனது, அதோடு வீட்டில் எல்லோருக்கும் உணவுப் பை வேண்டும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அந்த மாத்திரையோடு எடை பார்க்கும் மெஷினும் வரட்டும். மெலிந்தவர்களின் பெயரைத் தனியாகக் குறித்து, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பட்டும். நெல் கொள்முதல் செய்கிற அரசு, டெல்டாவின் உளுந்தையும் பயறையும் நல்ல விலைக்குக் கொள்முதல் செய்து இங்கேயே ரேஷனில் கொடுக்கட்டும்.

எங்கள் பங்குக்கு ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். பையில் ஒரு எடை மெஷின், ஒரு நோட்டு. மனு எழுதப் போகிற தெருவில் எல்லாம் வயதுவந்தவர்களின் எடையையும் உயரத்தையும் எழுதுகிறோம். முந்தின நாள் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் எழுதுகிறோம். பட்டா மனுவோடு இதையும் சேர்த்து ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறோம். டெல்டாவில் வேலை செய்கிற தோழர்கள் யாராவது இதைச் செய்ய விரும்பினால் ஒரு மெஷின் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். வரும் டிசம்பர் 25 அன்று வெண்மணி நினைவிடத்துக்கு வரும்போது உங்கள் நோட்டையும் கொண்டு வாருங்கள். அங்கே அரைப்படி நெல் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று எத்தனை கிலோ எடை என்று சேர்ந்து உட்கார்ந்து கூட்டிப் பார்ப்போம்.

ஜெய் பீம்.